அளந்தறிந்த மருத்துவர் சார்லஸ் பிரென்டன் ஹக்கின்ஸ்

மண்ணுக்கடியில் கண்ணுக்குப் புலப்படாமல் கிளைத்துப் பரவி, ஒருநாள் திடீரெனத் தலைகாட்டுவது புற்று. இடித்துத் தள்ளினாலும் மீண்டும் எழுவது அதன் இயல்பு. உடலுக்குள் அவ்வாறே மறைந்து வளர்ந்து, அறுத்தெறிந்த பின்னும் வேறோர் இடத்தில் முளைக்கும் கொடுநோய்க்குத் தமிழில் புற்றுநோய் என்னும் பெயர் வழங்குவது எத்துணைப் பொருத்தம் என்பதைச் சொற்பொருளில் ஈடுபாடுடைய நாம் எண்ணி வியக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை மருத்துவ உலகமும் இந்நோயை ஏறத்தாழ இக்கண்ணோடுதான் நோக்கியது. புற்றணு தன்னரசு உடையது, உடலின் கட்டளை எதற்கும் அடங்காதது, அறுவைக் கத்தியும் கதிர்வீச்சும் அன்றி அதனை எதிர்க்கும் படைக்கலம் வேறில்லை என்பதே அக்கால அறிஞர் பலரின் முடிவு. அந்த முடிவு முற்றும் சரியன்று, புற்றணுக்களுள் சில உடல் சுரக்கும் நீரை நம்பியே உயிர்வாழ்கின்றன, அந்நீரைத் தடுத்தால் அவை வாடும் என்று நோயாளியின் குருதியிலேயே அளந்து காட்டியவர் ஓர் அறுவை மருத்துவர். அவரே சார்லஸ் பிரென்டன் ஹக்கின்ஸ். அவர்தம் வாழ்வையும் பணியையும், அப்பணியின் எல்லையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

கனடா நாட்டின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாநிலத்து ஹாலிஃபாக்ஸ் நகரில் 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் ஹக்கின்ஸ் பிறந்தார். தந்தையார் மருந்தாளுநர். அகாடியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1920ஆம் ஆண்டு தம் பத்தொன்பதாம் வயதுக்குள் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1924ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகவும் அறுவைத் துறைப் பயிற்றுநராகவும் மூன்றாண்டுகள் பணியாற்றினார். மார்கரெட் வெல்மன் என்னும் செவிலியரை 1927ஆம் ஆண்டு மணந்தார். இல்லறம் ஒரு மகனும் ஒரு மகளுமாக மலர்ந்தது.

அதே ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகம் புதியதொரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. அதன் தொடக்ககால ஆசிரியர் எண்மருள் ஹக்கின்ஸும் ஒருவர். அறுவைத் துறையின் தலைவர் டல்லஸ் ஃபெமிஸ்டர் அவரிடம் சிறுநீரியல் பிரிவை ஒப்படைத்தார். சிறுநீரகம், சிறுநீர்ப்பை, புராஸ்டேட் ஆகியவற்றின் நோய்களைக் கவனிக்கும் அப்பிரிவில் இளைஞராகிய ஹக்கின்ஸுக்கு முன்பயிற்சி இல்லை. எனினும் அவர் பின்வாங்கவில்லை. நூல்களைக் கற்றும் நோயாளிகளிடம் கற்றும் தம்மைத் தகுதிப்படுத்திக்கொண்டார். 1936ஆம் ஆண்டு பேராசிரியராக உயர்ந்தார். தாம் கல்லாத துறையைத் தம் வாழ்நாள் துறையாக்கிக்கொண்ட இந்த உறுதியை மாணவர் உலகம் கருத்தில் கொள்ள வேண்டும்.

எலும்பிலிருந்து தொடங்கிய தேடல்

ஹக்கின்ஸின் ஆய்வு வாழ்வு புற்றுநோயிலிருந்து தொடங்கவில்லை, எலும்பிலிருந்து தொடங்கியது என்பது வியப்பளிக்கும் செய்தி. சிறுநீர்ப்பையின் உட்படலத்தை எடுத்து விலங்கின் தசைப்பகுதியில் நட்டால், எலும்பே இல்லாத அவ்விடத்தில் எலும்பு தோன்றுவதைக் கண்டு 1931ஆம் ஆண்டு வெளியிட்டார். எலும்பு உருவாகும் இடங்களில் பாஸ்படேஸ் என்னும் நொதி மிகுந்திருக்கும். லண்டனில் அந்நொதியை ஆராய்ந்துவந்த ராபர்ட் ராபிசனின் பணி ஹக்கின்ஸை ஈர்த்தது. உடலில் நிகழும் மாற்றத்தை வெறும் கண்ணால் கண்டு வருணிப்பதோடு நில்லாமல், நொதியின் அளவைக் கொண்டு எண்ணால் உரைக்கலாம் என்னும் தெளிவு அவருக்கு இவ்வாய்வுகளில் உண்டாயிற்று. பத்தாண்டுகளுக்குப் பின் அவருடைய பெரும் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியதும் இத்தெளிவே.

ஒரு சிறு சுரப்பி

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வடியும் குழாயைச் சூழ்ந்து, வாதுமைக் கொட்டை அளவில் அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. விந்தோடு கலக்கும் நீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் பணி. முதுமையில் இச்சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் போக்கைத் தடை செய்வது பலருக்கும் நேர்வது. அது புற்றுநோய் அன்று. சிலருக்கோ இதே சுரப்பியில் புற்றுநோய் தோன்றி, நெடுநாள் அறிகுறி காட்டாமல் வளர்ந்து, எலும்புகளுக்குப் பரவி, முதுகிலும் இடுப்பிலும் தாங்கொணா வலியைத் தரும்.

புற்று பரவாத நிலையில் சுரப்பியை முழுவதும் அகற்றும் அறுவையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் 1904ஆம் ஆண்டிலேயே செய்து காட்டியிருந்தார். ஆனால் அக்காலத்து நோயாளிகளுள் பெரும்பாலோர் மருத்துவரை நாடியபோது நோய் எலும்பை எட்டியிருந்தது. அந்நிலையில் வலியைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்துக் காத்திருப்பதைத் தவிர மருத்துவரால் செய்யக்கூடியது மிகச் சிலவே. ஹக்கின்ஸின் மருத்துவ அறைகளில் கிடந்து துன்புற்றோர் இத்தகையோரே.

நாய்கள் கற்பித்த பாடம்

நோயுற்ற சுரப்பியை அறிய வேண்டுமாயின் நலமுள்ள சுரப்பி எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும் என்று ஹக்கின்ஸ் கருதினார். இதற்கு அவர் தேர்ந்தது நாய். மனிதனைப் போலவே முதுமையில் புராஸ்டேட் வீக்கம் கொள்ளும் விலங்குகள் மிகச் சில. நாய் அவற்றுள் ஒன்று. நாயின் புராஸ்டேட் நீர் சிறுநீரோடு கலவாதவாறு வழியைப் பிரித்து, தூய சுரப்பை மட்டும் குழாய்வழியே சேகரித்து அளக்கும் அறுவை முறையை அவரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கி 1939ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒரே நாயின் சுரப்பை மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் அளக்க இம்முறை இடம் தந்தது.

அளவீடுகள் தெளிவாகப் பேசின. விரைகளை அகற்றியதும் சுரப்பு வற்றியது, சுரப்பி சுருங்கியது. ஆண்மை இயக்குநீராகிய டெஸ்டோஸ்டிரோனை ஊசிவழிச் செலுத்தியதும் சுரப்பு மீண்டது. பெண்மை இயக்குநீராகிய ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் மறுபடியும் அடங்கியது. ஆய்வுக்குக் கொண்டுவந்த முதிய நாய்கள் சிலவற்றுக்குச் சுரப்பி ஏற்கெனவே வீங்கியிருந்தது. ஆய்வின் சீர்மையைக் குலைக்கும் இடையூறாக முதலில் தோன்றிய இவையே பின்னர்ப் பெரும் வாய்ப்பாயின. விரைநீக்கத்தாலும் ஈஸ்ட்ரோஜனாலும் அவ்வீக்கங்களும் சுருங்குவதைக் கண்டனர். இடையூறு என ஒதுக்கத்தக்கதை ஒதுக்காமல் உற்றுநோக்கிய அந்த மனப்பாங்கே ஆய்வாளருக்குரிய முதற்பண்பு.

விரைக்கும் புராஸ்டேட்டுக்கும் உள்ள உறவு அதற்கு முன் அறியப்படாததன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜான் ஹன்டர் இதனைக் கண்டிருந்தார். முதியோரின் புராஸ்டேட் வீக்கத்திற்கு விரைநீக்கம் செய்யும் வழக்கம் 1890களில் அமெரிக்காவில் பரவிப் பின்னர் மறைந்தும் போயிற்று. ஹக்கின்ஸ் எழுப்பிய வினா வேறு. கட்டளைக்கு அடங்காதது எனப்பட்ட புற்றணுவும் தான் பிறந்த சுரப்பியின் பழைய பழக்கத்தை மறவாமல் வைத்திருக்குமோ என்பதே அவ்வினா.

1941ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு

இவ்வினாவுக்கு விடைகாணத் துணைபுரிந்தது ஒரு நொதி. புராஸ்டேட் சுரப்பியில் அமிலப் பாஸ்படேஸ் மிகுந்திருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர் 1935இல் அறிவித்திருந்தனர். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் குருதியில் அந்நொதி உயர்ந்திருப்பதை நியூயார்க்கில் அலெக்சாண்டர் கட்மன், எதெல் கட்மன் ஆகியோர் 1938இல் காட்டினர். உடலுக்குள் மறைந்துள்ள புற்றின் ஏற்ற இறக்கத்தை ஒரு சிறு குருதித்துளியில் படிக்கலாம் என்பது இதன் பொருள். எலும்பு ஆய்வின் நாள்முதலே பாஸ்படேஸை அறிந்திருந்த ஹக்கின்ஸின் கைக்கு இஃது உரிய கருவியாக வந்து சேர்ந்தது.

தம் இளம் உடனாய்வாளர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸோடு சேர்ந்து, நோய் பரவிய நோயாளிகளுக்கு விரைநீக்கம் செய்தோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தோ குருதியில் நொதியின் அளவைத் தொடர்ந்து கணக்கிட்டார். உயர்ந்திருந்த நொதி இறங்கியது. நோயாளிகள் சிலருக்கு ஆண்மை இயக்குநீரைச் செலுத்திப் பார்த்தபோது நொதி ஏறியது. இம்முடிவுகள் 1941ஆம் ஆண்டு, அவ்வாண்டில்தான் தொடங்கப்பெற்ற அமெரிக்கப் புற்றுநோய் ஆய்விதழில் வெளிவந்தன. நோய் முற்றிய 21 பேருக்கு விரைநீக்கம் செய்ததன் விளைவுகளையும் அதே ஆண்டில் வெளியிட்டார். அவர்களுள் பெரும்பாலோருக்கு வலி தணிந்தது, பசி எடுத்தது, உடல் எடை கூடியது. படுக்கையில் கிடந்தோர் எழுந்து நடந்தனர்.

நோயைப் பெருக்கக்கூடிய நீரை நோயாளிக்கே செலுத்திச் சோதித்த அப்பகுதி இன்று நம்மை ஒருகணம் நிறுத்தி எண்ண வைக்கிறது. மனிதர்மீது செய்யும் ஆய்வுக்கான ஹெல்சிங்கி அறநெறிப் பிரகடனம் 1964ஆம் ஆண்டில்தான் உருவாயிற்று. ஏற்றமும் இறக்கமும் ஒருங்கே காட்டப்பெற்றதால்தான் கண்டுபிடிப்பு ஐயத்துக்கிடமின்றி நிலைபெற்றது என்பதும் உண்மை. அவ்வறிவுக்குப் பெயரறியா நோயாளர் சிலரின் உடல் களமாயிற்று என்பதும் உண்மை. மருத்துவ வரலாற்றைப் படிப்போர் இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ளுதல் முறை.

இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸும் அவருடைய துணைவரும் 1938இல் செயற்கையாக ஆக்கிய ஸ்டில்பெஸ்டிரால் என்னும் ஈஸ்ட்ரோஜன் பொருளை வாய்வழியே கொடுக்கலாம். அதனால் அறுவையை விரும்பாதோருக்கு மாத்திரை மாற்றாயிற்று. உடல் முழுவதும் பரவிய புற்றுநோய் ஒன்றை, விழுங்கும் மருந்தால் அடக்கிவைக்க முடிந்தது அன்றைய மருத்துவ உலகுக்குப் புதுமை.

எல்லையும் தோல்வியும்

வெற்றியை மட்டும் கூறி நிறுத்துவது வாழ்க்கை வரலாற்றுக்கு அழகன்று. இம்மருத்துவம் நோயை அடக்கியதே அன்றி வேரறுக்கவில்லை. சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்துப் பெரும்பாலோரிடம் நோய் மீண்டது. விரைகள் இல்லாத உடலிலும் புற்று எவ்வாறு தழைக்கிறது? சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளும் ஆண்மை இயக்குநீரைச் சிறிதளவு ஆக்குகின்றன என்பதை எண்ணிய ஹக்கின்ஸ், வில்லியம் வாலஸ் ஸ்காட்டோடு சேர்ந்து அவற்றையும் அகற்றிப் பார்த்து 1945இல் அறிவித்தார். அட்ரினல் இன்றி மனிதன் உயிர்வாழ இயலாது. அதன் குறையை ஈடுசெய்யும் கார்ட்டிசோன் அப்போது மருந்தாகக் கிடைக்கவில்லை. அந்நோயாளிகள் நெடுநாள் வாழவில்லை. அம்முயற்சி அத்துடன் நின்றது. கார்ட்டிசோன் கைக்கு வந்தபின், 1951ஆம் ஆண்டு டெல்பர்ட் பெர்கன்ஸ்டாலோடு அதனை மீண்டும் தொடங்கினார். புராஸ்டேட் புற்றைக் காட்டிலும், பெண்களின் மார்பகப் புற்று முற்றிய நிலையில் சிலருக்கு இவ்வறுவை நல்ல பயன் தந்தது.

மற்றொரு படிப்பினை பின்னர் வந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளைச் சேர்ந்த சிறுநீரியல் மருத்துவர்கள் 1960களில் கூட்டாக நடத்திய பேராய்வு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டது. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் ஸ்டில்பெஸ்டிரால் உண்டோருள் புற்றால் இறப்போர் குறைந்தாலும், இதய நோயாலும் குருதி நாள நோயாலும் இறப்போர் மிகுந்ததை 1967இல் அது வெளிப்படுத்தியது. ஒரு பக்கம் காத்த மருந்தே மறுபக்கம் உயிரைப் பறித்தது. நோயாளி ஒருவர் எழுந்து நடப்பதைக் கண்ணால் காண்பது வேறு, நூற்றுக்கணக்கானோரை ஒப்பிட்டு அறிவது வேறு என்பதை மருத்துவ உலகம் இதனால் கற்றது. இவற்றோடு, ஆண்மை இயக்குநீர் அற்ற உடலில் எலும்பு நலிதல், தசை தளர்தல், உடல் வெப்பம் பொங்குதல், இல்லற விழைவு அறுதல் ஆகிய துன்பங்களும் நேர்கின்றன. வாழ்நாள் நீட்டிப்புக்கு நோயாளி கொடுக்கும் விலை சிறிதன்று.

ஆய்வகமும் நோபெல் பரிசும்

அலபாமா மாநிலத்து வணிகர் பென் மே வழங்கிய கொடையால் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1951ஆம் ஆண்டு பென் மே புற்றுநோய் ஆய்வகம் தோன்றியது. ஹக்கின்ஸ் 1969வரை அதன் இயக்குநராக விளங்கினார். பெருங்கூட்டத்தை நடத்துவதைவிடச் சிறு குழுவோடு தாமே ஆய்வு மேசையில் நின்று பணியாற்றுவதையே அவர் விரும்பினார். ஒரே ஒரு முறை கொடுக்கும் வேதிப்பொருளால் பெண் எலிகளில் மார்பகப் புற்றை விரைவில் தோற்றுவிக்கும் முறையை 1961இல் வெளியிட்டார். அம்மாதிரி உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்பட்டது. அவரால் ஊக்கம் பெற்ற எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒன்று அணுக்களில் இருப்பதைக் கண்டறிந்து, ஹக்கின்ஸுக்குப் பின் அவ்வாய்வகத்தின் தலைமையையும் ஏற்றார். எந்த மார்பகப் புற்று இயக்குநீரை நம்பி வாழ்வது, எது நம்பாதது என்று முன்கூட்டியே பிரித்தறியும் வழி இதனால் பிறந்தது.

ஹக்கின்ஸுக்கு 1963இல் லாஸ்கர் பரிசும், 1966இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசும் கிடைத்தன. நோபெல் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்டவர், கோழிகளுக்கு வரும் புற்றுக்கு நச்சுயிரி காரணம் என 1911இல் அறிவித்த பெய்டன் ரூஸ். ஹக்கின்ஸ் 25 ஆண்டுகளும் ரூஸ் 55 ஆண்டுகளும் காத்திருந்து பெற்ற பெருமை அது. அப்போது ஹக்கின்ஸுக்கு வயது 65, ரூஸுக்கு 87. தாம் பயின்ற அகாடியா பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1972 முதல் 1979வரை ஹக்கின்ஸ் சிறப்பிக்கப்பட்டார். 1983இல் துணைவியாரை இழந்தார். 1997ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் சிக்காகோவில் தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

பின்வந்த பயன்

அவர் இட்ட வித்து அவர் மறைவுக்குப் பின்னும் பலன் தருகிறது. மூளையிலிருந்து பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சென்று, அதன்வழியே விரைகளை இயக்கும் இயக்குநீர்க் கட்டளையின் வேதியமைப்பை ஆண்ட்ரூ ஷாலி குழுவினர் 1971இல் வெளியிட்டனர். அதனை ஒட்டி ஆக்கிய லியூப்ரோலைடு ஊசி 1985இல் அமெரிக்காவில் ஏற்பிசைவு பெற்றது. கத்தியின்றியே விரைகளின் சுரப்பை நிறுத்த இதனால் முடிந்தது. ஆண்மை இயக்குநீரை ஆக்கும் நொதி ஒன்றை விரைகளிலும் அட்ரினலிலும் புற்றுக்கட்டியிலும் தடுக்கும் அபிரட்டரோன் மாத்திரை 2011இல் ஏற்பிசைவு பெற்றது. 1945இல் அறுவையால் ஹக்கின்ஸ் செய்ய முயன்று தோற்றதை, 66 ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாத்திரை பெருமளவு நிறைவேற்றியது. அன்றைய எண்ணம் பிழையன்று, கருவிதான் போதவில்லை என்பதை இது புலப்படுத்துகிறது. அமிலப் பாஸ்படேஸின் இடத்தை இன்று பி.எஸ்.ஏ. என்னும் குருதிச் சோதனை பெற்றுள்ளது. ஆயினும் குருதியில் அளந்து நோயின் போக்கை அறியும் நெறி மாறவில்லை. பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண்மை இயக்குநீரைத் தடுப்பதே இன்றும் மருத்துவத்தின் அடித்தளம்.

நிறைவுரை

ஹக்கின்ஸின் வாழ்வு நமக்கு உணர்த்துவன இரண்டு. ஒன்று, பகையை வெல்ல விரும்புவோன் அதன் வலிமையை மட்டுமன்றி அஃது எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதையும் அறிய வேண்டும். புற்று தன்னரசு உடையது என்ற பேச்சை நம்பி வாளாவிருந்திருந்தால், எண்ணற்ற முதியோர் வலியிலேயே மாண்டிருப்பர். நலமுற்ற சுரப்பியின் சில துளி நீரை அளந்தவரே அதன் சார்பைக் கண்டார். இரண்டு, அளவீடு இரக்கத்துக்குப் பகையன்று. துன்பத்தைக் கண்டு இரங்குவோர் பலர். அத்துன்பம் குறைந்ததா என்று எண்ணிக் கணக்கிடுவோர் சிலர். கணக்கிட்டதனால்தான் பயனும் தெரிந்தது, பயனின் எல்லையும் தெரிந்தது.

நம் இல்லங்களில் முதியோர் பலர் சிறுநீர் தொடர்பான இடர்களை வயதின் இயல்பு என்றோ வெளியில் சொல்லக் கூசியோ மறைத்துக்கொள்கின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை புற்றாக இரா. ஆயினும் இருக்குமாயின், தொடக்கத்தில் அறிந்தால் பிழைக்க வழியுண்டு. மறைத்த நோயை எந்த மருத்துவரும் அளக்க இயலாது. தந்தையிடமும் பாட்டனாரிடமும் இதுபற்றி நாணமின்றி உசாவி, அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பிள்ளைகளாகிய நம் கடன். ஹாலிஃபாக்ஸில் பிறந்த அம்மருத்துவரின் வாழ்வைப் படித்ததன் பயன் அதுவேயாகுக.